ஆயுத பூஜையன்று கைமாறிய எண்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் வேலை பார்த்த இடங்களில் தெரிந்துகொண்டதுதான். விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ஹோட்டலில் சப்ளையராக இருந்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். பெங்களூரில் ரோட்டோரம் பள்ளம் தோண்டிக் கேபிள் புதைத்தேன். எந்த ஊரிலும் ஒரு வருஷம் ஆகிவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சம்பளம் வாங்கிய கையோடு பஸ் ஏறிவிடுவேன். சில நாள் பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன், சில நாள் வெறும் டீயோடு போயிருக்கிறது. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் படுத்திருந்தவர்களுக்கும் அப்படித்தான் போயிற்று.

திண்டிவனத்தில் நான் இறங்கியதற்கும் காரணம் எதுவும் கிடையாது. பஸ் அங்கே நின்றது, பசித்தது, இறங்கினேன். சாப்பிட்ட கடையில், கேபிள் டிவிக்காரர் ஒருவர் வீடுகளுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார், ஃபைபர் ஒயர் ஒட்டத் தெரிந்த ஆள் தேடுகிறார் என்றார்கள். தலைமுடியைவிட மெல்லிசான அந்தக் கண்ணாடி இழையை ஒட்டுவதற்கு பெங்களூரில் பழகியிருந்தேன். அன்று சாயங்காலமே வேலையில் சேர்ந்தேன். கண்ட்ரோல் ரூமுக்கு மேலே ஒரு அறை, படுக்க. கீழே, ஊருக்கே லைன் கொடுக்கிற பெட்டிகள் ஏசி குளிரில் அடுக்கடுக்காக மின்னிக்கொண்டிருக்கும். அந்த அடுக்குகளுக்கு முன்னால் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முதலாளியின் மருமகள் உட்கார்ந்திருப்பார்.

அவர் விழுப்புரத்துப் பெண், இன்ஜினியரிங் படித்தவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். ஆனாலும் நாங்கள் எல்லாரும் மேடம் என்போம். முதலாளி வசூலையும் ஆட்களையும் பார்த்துக்கொள்வார். பெட்டிகளின் பாஷை தெரிந்தவர் மேடம் ஒருவர்தான். எதைக் கேட்டாலும் சலிக்காமல் சொல்லுவார். நான் வந்த புதிதில் ஒரு வீட்டு லைனைச் சரிபார்த்துவிட்டு வந்து கேட்டேன்.

"இன்னா மேடம் இது, அந்த வீட்டுக்கு நேத்து ஒரு ஐபி நம்பர் காட்டுச்சு, இன்னிக்கு வேற காட்டுது? மிஷின் குழம்பிப்போச்சா?"

"மிஷின் குழம்பலண்ணா. அது அவுங்க சொந்த நம்பர் இல்ல, நம்ம குடுத்து வெச்சிருக்கறது. பொட்டியை ஆன் பண்ண உடனே அது கத்தும், யாராவது இருக்கீங்களா, எனக்கு ஒரு நம்பர் வேணும்னு. இங்கேருந்து ஒரு காலி நம்பரை எடுத்துக் குடுப்போம், இவ்ளோ நேரத்துக்குத்தான்னு கெடு வெச்சி. கெடு பாதி போனதுமே அது திரும்ப வந்து கேட்டுக்கும், நான் இன்னும் இங்கதான் இருக்கேன், என்னுதை யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு. பொட்டி ஆஃப் ஆயி கிடந்தா கேக்க முடியாது இல்ல? கெடு முடிஞ்சதும் வேற யாருக்காவது போயிடும்."

எனக்கு உடனே திருப்பூர் ஞாபகம் வந்தது. அங்கே ஓர் அறையில் பகல் ஷிப்டுக்காரர்களும் இரவு ஷிப்டுக்காரர்களும் ஒரே பாய்களில் மாறி மாறிப் படுப்போம். யாருக்கும் சொந்தப் பாய் கிடையாது. மாசம் பாதி போனதும் அறையைப் பார்த்துக்கொள்கிறவரிடம், "அடுத்த மாசமும் நான் இருப்பேன்" என்று சொல்லிவிட வேண்டும். பண்டிகைக்கு ஊருக்குப் போய் நாலைந்து நாளில் திரும்பினால் நம் இடம் அப்படியே இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் ரொம்ப நாள் தங்கிவிட்டால் அங்கே வேறொருவன் பை தொங்கும். அவனைக் கோபித்துக்கொள்ள முடியாது. அவன் காலியிடத்தில் படுத்தவன். இதை மேடத்திடம் சொன்னேன்.

"கரெக்ட்டுண்ணா," என்றார். "எங்க காலேஜ்ல நாலு வருஷம் இழுத்தத நீங்க ஒரு பாயில முடிச்சிட்டீங்க."

அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெட்டிகள் மேல் ஒரு மரியாதை. பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு அடித்துக்கொள்கிற உலகத்தில்தான் நான் இருந்திருக்கிறேன். இங்கே ஆயிரம் பெட்டிகள் சத்தமில்லாமல் கேட்டு வாங்கி, பயன்படுத்தி, விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தன.

போகப் போக இன்னும் தெரிந்துகொண்டேன். வெளி உலகத்துக்குத் தெரிகிற நம்பர்கள் ரொம்பக் குறைவு. உலகம் முழுக்கவே தட்டுப்பாடு என்றார் மேடம். அதனால் எங்கள் ஊரில் முக்கால்வாசி வீடுகள் ஒரே நம்பரைப் பங்குபோட்டுக்கொண்டுதான் வெளியே போகும். அது எப்படிக் குழம்பாமல் நடக்கிறது என்று கேட்டபோது அவர் படம் போட்டுக் காட்டினார். படம் பாதி வரும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. விழுப்புரம் ஹோட்டலில் நான் செய்த வேலைதான் அது. எட்டு மேஜையில் எட்டுப் பேர் கேட்பார்கள். சமையல்கட்டுக்கு என் குரல் ஒன்றுதான் கேட்கும். மாஸ்டருக்கு மேஜை எதுவும் தெரியாது. ஆனால் ரோஸ்ட் கேட்டவருக்கு ரோஸ்ட்டும் பூரி கேட்டவருக்குப் பூரியும் போய்ச் சேரும், யார் எதைக் கேட்டார் என்பது என் தலையில் இருப்பதால். நான் எட்டு மேஜைக்கே சில நாள் மாற்றி வைத்துவிட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்தப் பெட்டி ஒரு தெருவுக்கே பரிமாறுகிறது, ஒரு தட்டுகூட மாறுவதில்லை.

வீட்டுக்குள் நடப்பது அதைவிட அழகு. வீட்டு ரவுட்டர் தன் வீட்டுப் போனுக்கும் டிவிக்கும் தானே சின்னச் சின்ன நம்பர் கொடுத்துக்கொள்ளும். ஊரில் எந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தாலும் பெரும்பாலும் அதே நம்பர்கள்தான். எல்லா பஸ்ஸிலும் முதல் சீட்டுக்கு ஒன்று என்று எழுதியிருப்பதால் யாரும் பஸ் மாறி உட்காருவதில்லை அல்லவா, அப்படி.

வெளியே தெரிகிற தனி நம்பர் சில பேருக்கு மட்டும் கொடுப்போம். வீட்டில் கேமரா வைத்து வெளியூரிலிருந்து பார்க்கிறவர்கள்தான் அதைக் கேட்டு வாங்குவார்கள். அவர்களைத் தவிர ஒரே ஒரு பெண்ணிடம் அது இருந்தது. இந்தக் கதையே அந்த நம்பரைப் பற்றியதுதான்.

ஒலக்கூர்ப் பக்கம் ஒரு கிராமம். ஊர்த் தெரு வரைக்கும் எங்கள் லைன் போயிருந்தது. ரோட்டைத் தாண்டி இருக்கிற காலனிக்குப் போகவில்லை. கேட்டால், அங்கே யார் இன்டர்நெட் எடுக்கப்போகிறார்கள் என்பார்கள். அந்தப் பெண் திண்டிவனத்துக்கே வந்து மேடத்தைப் பார்த்துக் கேட்டாள். மறுநாள் நான் ஒயர் சுருளோடு போனேன். அவள்தான் அந்த வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா இல்லை. அம்மா காலமெல்லாம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையிலும் நெல் வயலிலும் கூலிக்குப் போனவர். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். கட்டிலைவிட்டு இறங்க, கழிப்பறைக்குப் போக, எல்லாவற்றுக்கும் மகள் வேண்டும். சென்னையில் ஒரு கம்பெனி வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் வேலையை அவளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கக் கொடுத்திருந்தது. ஒரு நிபந்தனை: நோயாளிகள் சம்பந்தப்பட்ட விவரம் என்பதால், பதிவு செய்து வைத்த ஒரே ஐபி நம்பரிலிருந்து வந்தால்தான் கம்பெனியின் பக்கம் திறக்கும். வேறு நம்பரிலிருந்து வந்தால் கதவு சாத்தியேதான் இருக்கும்.

நான் கம்பத்தில் ஏறி ஒயர் இழுத்தபோது அந்த அம்மா கட்டிலை வாசலுக்கு நகர்த்தச் சொல்லி உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"யப்பா, அந்த ஒயரு கரண்டு கம்பிமேல பட்டுக்கினு போவுது பாரு."

"அதுல கரண்டு இல்லம்மா, வெறும் வெளிச்சம்தான்."

"வெளிச்சமா? அப்ப ராத்திரில லைட்டு போடத் தேவை இல்லன்னு சொல்லு."

வேலை முடித்துப் பெட்டியைச் சுவரில் மாட்டினேன். பச்சை எரிந்தால் நல்லது, கடைசி விளக்கில் சிவப்பு எரிந்தால் லைன் அறுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே போன் பண்ணுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த அம்மாவுக்கு அன்றிலிருந்து அந்தப் பெட்டிமேல் ஒரு கண். தினமும் மகளைத் துடைக்கச் சொல்வாராம். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

மழைக்காலத்தில் ஒரு தடவை காற்றும் மழையுமாகக் கரண்டு போய் வெகுநேரம் வரவில்லை. அவள் நம்பரின் கெடு முடிந்து, கரண்டு வந்தபோது வேறு நம்பர் கிடைத்தது. கம்பெனி புது நம்பரைப் பதிவு செய்துகொண்டது. ஆனால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: இதுதான் கடைசி, இன்னொரு முறை மாறினால் சென்னை ஆபீசுக்கே வந்து வேலை பார்க்க வேண்டும், முடியாதென்றால் நின்றுவிட வேண்டும். சென்னைக்கு அவள் எப்படிப் போவாள்? கட்டிலில் இருக்கிற அம்மாவை யார் தூக்குவார்கள்?

அந்த நம்பரை அவளுக்கென்றே கட்டிப்போட்டு வைக்க முடியாதா என்று மேடத்தைக் கேட்டேன். நம்பர்கள் எங்களுக்கு மேலே இருக்கிற விழுப்புரம் ஆபீசின் கட்டுப்பாட்டில் இருந்தன. நிரந்தரமாகக் கட்டும் உரிமை அவர்களுக்குத்தான். மேடம் எழுதிப்போட்டிருந்தார். பதில் வருவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

எங்கள் கண்ட்ரோல் ரூமிலும் பூஜை உண்டு. ஆனால் மேடம் எதையும் அணைக்க விடமாட்டார். பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். எலுமிச்சம்பழத்தை நசுக்கியபோது சாறு தெறிக்கக்கூடாது என்று அடுக்குக்கு முன்னால் பாலிதீன் பிடிக்கச் சொன்னார். பொரியும் கடலையும் தின்றுவிட்டு நான் சாயங்காலம் ஒரு புது வீட்டுக்குக் கிளம்பினேன். கோட்டக்குப்பத்திலிருந்து திண்டிவனத்துக்கு வந்து வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பம். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை. மறுநாள் மாடிக்குக் கான்கிரீட் போடுகிறார்கள், அவர் அங்கிருந்து அதைப் பார்க்க வேண்டும், அவர் இருக்கும் இடத்தில் வீடியோ கால் எடுக்காது, அதனால் கேமரா. அது பழைய கேமராப் பெட்டி, வெளி நம்பர் இருந்தால்தான் படம் போகும். லைனை முந்தின நாளே இழுத்து வைத்திருந்தேன். பெட்டியைச் செருகினேன். அது நம்பர் கேட்டது, கிடைத்தது. அந்த வீட்டு அக்கா கொடுத்த சேமியா பாயசத்தைக் குடித்துவிட்டு வந்து படுத்தேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் ஒலக்கூர்ப் பெண் மேடத்துக்குப் போன் செய்தாள். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, என் நம்பர் மாறிப்போச்சுக்கா. மதியம் ஷிப்டு. கம்பெனி பக்கம் தொறக்க மாட்டேங்குது."

"கரண்டு போச்சாம்மா?"

"போவலக்கா. அம்மா நேத்து பூஜைக்கு வெச்சிட்டாங்க."

"எதை?"

"வைஃபை பொட்டியை."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஆமாம்மா, நான்தான் கழட்டச் சொன்னேன். முன்னல்லாம் அருவாளும் மம்முட்டியும் சோறு போட்டுச்சு, அத்தக் கழுவி வெச்சிக் கும்புட்டோம். இப்ப இதுதானே சோறு போடுது? அருவாளுக்கே வருசத்துல ஒரு நாளு லீவு குடுப்போம், பாவம் இது ராவும் பகலும் முழிச்சிக்கினு கெடக்குது. ஒரு நாளு படுத்தா இன்னா தப்பு?"

மேடம் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்த அம்மா சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுபூஜை முடியும்வரை எடுக்கக்கூடாது என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சின்னச் சின்ன கரண்டு கட்டுக்கெல்லாம் நம்பர் அப்படியே திரும்பி வந்திருப்பதால், அன்று வார லீவில் இருந்த மகளும் பயப்படாமல் இருந்துவிட்டாள். ஆனால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் சாமி படத்துக்கு முன்னால் சந்தனத்தோடு படுத்திருந்த பெட்டி, தன் கெடுவைப் புதுப்பித்துக்கொள்ளவில்லை.

மேடம் திரையில் தேடினார். வெளி நம்பர்கள் ஒன்றுகூடக் காலியில்லை. அதனால்தான் அந்தப் பெண்ணின் பெட்டி பங்கு நம்பருக்குத் தள்ளப்பட்டிருந்தது. அவளுடைய பழைய நம்பர் யாரிடம் இருக்கிறது என்றும் தெரிந்தது.

"நேத்து நீங்க மாட்டுன வீடுண்ணா. காங்கிரீட் வீடு."

"இங்கேருந்து அறுத்துட முடியாதா மேடம்?"

"அறுத்தா, அந்தப் பொட்டி அந்த நிமிசமே திரும்பக் கேட்டு அதையே வாங்கிக்கும். அது ஆஃப்ல இருக்கும்போது நான் கெடுவை அழிக்கணும். அந்த நேரத்துல காலியா இருக்கறது அது ஒண்ணுதான். நம்ம பொண்ணு பொட்டியைப் போட்டா நேரா அவ கைக்குப் போயிடும். விழுப்புரத்துல இன்னிக்கு யாரும் போன எடுக்க மாட்டாங்க. நீங்க போயி கேளுங்கண்ணா. கேளுங்க, புடுங்கிடாதீங்க."

பைக்கை எடுத்தேன். தெருமுனைக்குப் போகும்போதே மிக்சர் மிஷின் சத்தம். சித்தாள்கள் சாந்துச்சட்டியைக் கைமாற்றி மாற்றி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூங்கிலில் கட்டிய கேமரா மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அக்கா ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் போனை உயர்த்திப் பிடித்திருந்தார். போனிலிருந்து கணவரின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

"அந்தக் கிழக்கு மூலையில வைப்ரேட்டர் போட்டுக் கலவைய எறக்கல பாரு. நான் பாத்துக்கினுதான் இருக்கேன். மேஸ்திரிகிட்ட சொல்லு."

மேஸ்திரி மேலிருந்து கத்தினார். "பாய், நீங்க அங்க ஒட்டகத்தப் பாத்துக்கினு இருங்க. காங்கிரீட்ட நான் பாத்துக்கறேன்."

"கேட்டீங்களா, உங்கள ஒட்டகம் மேய்க்கச் சொல்றாரு," என்றார் அக்கா.

"அவரை மொதல்ல மூலையை மேய்க்கச் சொல்லு."

நான் விஷயத்தைச் சொன்னேன். போனில் இருந்தவருக்கு முதலில் புரியவில்லை.

"அது இன்னா தம்பி, காலையில இருந்து இப்பதான் படம் ஒழுங்கா வருது. என் வீட்டு நம்பரக் கேக்கறியே?"

"நேத்து வரைக்கும் அது ஒரு பொண்ணுகிட்ட இருந்துச்சு பாய். அவ அம்மா பொட்டிய ஆயுத பூஜையில வெச்சிட்டாங்க."

"எந்தப் பொட்டிய?"

"வைஃபை பொட்டிய."

அவர் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. அக்கா சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு அவ்ளோ அவசரமா அது எதுக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அம்மாவுக்கு ஒரு கால் இல்லை, அந்த நம்பர் இல்லாமல் இன்று மதியம் வேலை இல்லை, வேலை இல்லையென்றால் சென்னைக்குப் போக வேண்டும், போனால் அம்மாவைத் தூக்க ஆளில்லை. அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திரும்பச் சொன்னார், கணவருக்கு ஒரு வார்த்தையும் தவறிவிடக்கூடாது என்பதுபோல.

சிரிப்பு நின்றுவிட்டது. "எனக்கு அப்புறம் படம் வருமா, வராதா?" என்று மட்டும் கேட்டார். "அஞ்சாறு வருசமா இந்தத் தளத்துக்காகத்தான் தம்பி இங்க கெடக்கறேன். ஊருக்கு வர லீவு கேட்டேன், குடுக்கல. இன்னிக்கு ஒரு நாளு டூட்டிதான் மாத்திக் குடுத்தாங்க."

மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் யோசித்ததாகவே தெரியவில்லை.

"நம்ம ஆபீஸ் கேமராவுக்கு ஒரு வெளி நம்பர் இருக்கில்ல, அதை அவருக்கு விட்டுடறேன். பொண்ணுக்கு அந்த நம்பர்தான் வேணும். அவருக்கு எதுவா இருந்தாலும் போதும். மொதல்ல பொண்ணு, அப்புறம் அவரு. ரெண்டையும் ஒரே நேரத்துல காலி பண்ணா மாறிப்போயிடும்."

"முதலாளி கேட்டா?"

"மாமாவ நான் பாத்துக்கறேன்."

ஆபீஸ் கேமரா என்பது, நாங்கள் தூங்குகிறோமா என்று முதலாளி வீட்டிலிருந்தபடியே பார்க்கிற கேமரா. அது போவதில் எங்களில் யாருக்கும் வருத்தம் இருக்கப்போவதில்லை. இதை பாயிடம் சொன்னபோது மறுபடி சிரித்தார்.

பிறகு சொன்னார்: "நான் இப்ப உக்காந்துக்கினு இருக்கறது என் கட்டிலு இல்ல தம்பி. நைட் டூட்டிக்காரன் கட்டிலு. அவன் வந்தா எழுந்துக்கணும். நான் பகல்ல போயிட்டா அவன் படுப்பான். எங்களுக்குள்ள ஒரு நாளும் சண்ட வந்ததில்ல. அந்தப் பொண்ணுதுன்னா எடுத்துக்கோ. ஆனா அந்தக் கிழக்கு மூல முடியட்டும். அதுக்குக் கீழதான் தூணு. அத்த மட்டும் என் கண்ணால பாத்துடறேன்."

நான் உள்ளே போய் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். அந்த நேரம் பார்த்து மிக்சர் மிஷின் நின்றது. டீசல் தீர்ந்துவிட்டது. ஒருவன் கேனை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனான். மேலே மேஸ்திரி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. மேடம் கூப்பிட்டார்.

"ஆச்சாண்ணா?"

"மூலை முடியலையாம். பொண்ணு அழுவுதா?"

"அழுவல. பொட்டியை அணைச்சி வெச்சிட்டா. லைன்லதான் இருக்கா."

என் கை ஸ்விட்சுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் அணைத்துவிட்டுக் கரண்டு போய்விட்டது என்று சொல்லியிருந்தால் ஒருவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதை நினைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தன்னுடையதை விட்டுக்கொடுக்கிறேன் என்று சொன்ன மனிதர் கேட்டது ஒரு மூலை.

டீசல் வந்தது. மிஷின் மறுபடி உறுமியது. சட்டிகள் ஏறின. வைப்ரேட்டரின் அதிர்வு சுவர் வழியாக என் உள்ளங்கைவரை வந்தது. அக்கா மாடிப்படியில் பாதியில் நின்று போனை நீட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் வந்தது.

"ஆங், போதும். நல்லா எறங்கிடுச்சு. தம்பி எங்க? இன்னாத்துக்கு இன்னும் நின்னுக்கினு இருக்கே? ஜல்தி புடுங்கு."

பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியின் விளக்குகள் ஒவ்வொன்றாகச் செத்தன. "ஆஃப்," என்றேன் போனில். மேடம் பழைய கெடுவை அழிக்கும் தட்டச்சுச் சத்தம் கேட்டது. "இப்ப போடும்மா," என்றார் அந்தப் பெண்ணிடம். ஒலக்கூரில் அவள் பெட்டிக்கு உயிர் கொடுத்தாள். அது எழுந்து, கண் விழித்து, எனக்கு ஒரு நம்பர் வேணும் என்று கத்துவதற்கு எடுத்துக்கொள்கிற நேரம் எனக்குத் தெரியும். நூறு வீடுகளில் அதற்காகக் காத்திருந்திருக்கிறேன். அன்று போல எங்கேயும் நீண்டதில்லை.

மேடம் ஒரு நம்பரைப் படித்தார், கடைசி இலக்கம்வரை. "இதானேம்மா?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் மட்டும். பிறகு, "தொறந்துடுச்சுக்கா" என்றாள். அவ்வளவுதான். பின்னால் அம்மா, "நான் சொல்லல? கும்புட்டது வீண் போவல" என்று சொல்வது கேட்டது.

மேடம் ஆபீஸ் கேமராவை அணைத்து அந்த நம்பரை விடுவித்தார். நான் இங்கே பெட்டியைச் செருகினேன். கிடைத்த புது நம்பரை பாய்க்கு ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி அடித்தார். நடுவில் ஒரு புள்ளியை விட்டுவிட்டு, "வரலியே, வரலியே" என்று தவித்தார். புள்ளி வைத்ததும் படம் வந்தது.

"ஆங். வந்துடுச்சு. இன்னா மேஸ்திரி, நான் இல்லாத நேரத்துல பீடி புடிச்சிக்கினு இருக்கீங்களா?"

மேஸ்திரி பீடியைக் கீழே போட்டார்.

சாயங்காலம் முதலாளி கண்ட்ரோல் ரூமுக்கே நேரில் வந்துவிட்டார், கேமராவில் ஏன் இருட்டாக இருக்கிறது என்று. மேடம் நடந்ததைச் சொன்னார். அவர் கொஞ்சநேரம் முணுமுணுத்தார். பிறகு, பதில் வராத அந்தக் கோரிக்கையை என்ன செய்தார்கள் என்று கேட்க மேடத்தோடு தானே விழுப்புரம் போவதாகச் சொன்னார். போனார்கள். அந்த நம்பர் அவளுக்கென்று கட்டிப்போடப்பட்டது. இனி அவள் பெட்டி எவ்வளவு நாள் தூங்கினாலும் அது வேறு யாருக்கும் போகாது.

இப்போது நான் திண்டிவனத்தில் இல்லை. ஒரு வருஷம் ஆவதற்குள் வழக்கம்போல எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. விழுப்புரத்தில் வேறொருவரிடம் லைன் வேலை, படுக்கை கடையின் பின்பக்கம். ஆனால் அடுத்த ஆயுத பூஜைக்கு ஒலக்கூர் பஸ் ஏறினேன். எதற்கு என்று கேட்டால், பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

பெண் காதில் ஹெட்போன் மாட்டி வேலையில் இருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பொரியில் வெல்லம் கலந்துகொண்டிருந்தார். வீட்டின் அந்தக் கோடியில் சாமி படம் இருந்த இடம் வெறும் சுவராக இருந்தது. படம் இந்தப் பக்கம் வந்து, ரவுட்டருக்கு நேர் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் கழுவின அருவாளும் மண்வெட்டியும். மேலே ரவுட்டர், செருகியபடியே, ஒரு முழம் சாமந்தியோடு.

"இப்ப நீங்க கழட்டி வெச்சாலும் ஒண்ணும் ஆவாதும்மா. நம்பரைக் கட்டிப் போட்டாச்சு."

"நீ சொல்லுவே. போன தபா இன்னா பேஜாராச்சு? அதான் சாமியவே இங்க நவுத்திட்டேன். அவருக்கு ஷிப்டு கெடையாது."

பொரியைக் கையில் வாங்கிக்கொண்டு பெட்டியைப் பார்த்தேன். சாமந்திக்கு நடுவே பச்சை விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. கடைசி விளக்கு இருக்கிற இடத்தில் சிவப்பாகத் தெரிந்தது. பொரியைக் கட்டிலில் கொட்டிவிட்டுப் பையில் டெஸ்டரைத் தேடினேன்.

பெண் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள்.

"குங்குமம்ணா," என்றாள். மறுபடி மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.